ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்ப்பது: திருகோணமலையில் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நோயாளரைப் பார்க்கப் போகும் சிறு குழு ஒன்று இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் வாட்டுகளுக்கும், நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கும் போய்வருவோம். நான் டொக்டரும் இல்லை, குருவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் இந்தக் கேள்விகளில் பாதி என்னிடம் வரும். மீதி, இரவு பத்து மணிக்குப் போனில் வரும். திருச்சபை என்ன சொல்கிறது என்பதையும், வாட்டில் நான் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

“முழு மனிதரையும் பராமரிப்பது” என்கிறார்களே, அது என்ன? மருந்தோடு ஒரு ஜெபத்தையும் சேர்த்துக் கொடுப்பதா?

அப்படி நினைத்துக்கொண்டுதான் நானும் குழுவில் சேர்ந்தேன். என்னைத் திருத்தியது ஒரு கட்டுப்பல்.

மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர், எழுபது தாண்டியவர், நெஞ்சு வருத்தத்தோடு வாட்டில் இருந்தார். மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரத்தம் சோதித்தார்கள், வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. “அம்மா போனதிலயிருந்து அப்பாவுக்கு வாழ விருப்பமில்லை” என்று மகள் அழுதார். நான் என் பங்குக்குச் செபமாலையை வெளியே எடுத்தேன். எங்களோடு வந்த ஒரு அக்கா, தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, “ஐயா, வீட்டில எண்டா இந்த நேரம் என்ன சாப்பிடுவீங்கள்?” என்று கேட்டார். அவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு பதில் சொன்னார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. பல் வீட்டில், ஜன்னல் கரையில், ஒரு பால் டின்னுக்குள் கிடக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை ஓட்டோவில் ஏற்றிய அவசரத்தில் பல்லை யார் நினைப்பார்கள்? இத்தனை பேர் முன்னால் பொக்கை வாயால் சப்பிச் சாப்பிட மனுசனுக்கு வெட்கம்.

அடுத்த நாள் பல் வந்தது. மத்தியானம் சோறும் மீன் குழம்பும் இறங்கியது. மகள் சொன்னதும் பொய்யில்லை. மனைவியைப் பற்றி அவர் பேசத்தான் செய்தார், ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு. அன்றைக்கு அவரே செபமாலை சொல்லக் கேட்டார்.

எரிக்கோவில் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் இயேசுவைக் கூப்பிட்டுக் கத்துகிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் இயேசு, உமக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. முழு மனிதரைப் பராமரிப்பது என்று நான் விளங்கிக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். உடம்பு, மனம், குடும்பம், காசு, ஆன்மா எல்லாம் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. இன்றைக்கு எது முந்துகிறது என்று அவரிடமே கேட்க வேண்டும்.

நல்ல டொக்டர் யாரும் இதைத்தானே செய்வார்? இதில் கத்தோலிக்கம் எங்கே வருகிறது?

உண்மைதான், இது யாருக்கும் தனிச் சொத்தில்லை. உலக சுகாதார நிறுவனமே 1948இல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில், உடல், உள, சமூக நலம் மூன்றும் சேர்ந்ததுதான் ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் திருச்சபைக்கு இதில் பழைய பழக்கம் உண்டு. நாலாம் நூற்றாண்டில் செசரியா நகருக்கு வெளியே ஆயர் புனித பசீலியார் ஏழைகளுக்கும் நோயாளருக்கும் தொழுநோயாளருக்கும் என்று ஒரு பெரிய இல்லமே கட்டினார். பதினாறாம் நூற்றாண்டில் புனித கமில்லுஸ் வந்தார். இவரை எனக்கு விசேஷமாகப் பிடிக்கும். படைவீரர், சூதாடி, எல்லாவற்றையும் தோற்றவர். காலில் ஆறாத புண்ணோடு ரோமாபுரி ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போனவர், அங்கேயே நோயாளரைப் பார்க்கும் வேலைக்கு நின்றுவிட்டார். அந்தப் புண் சாகும்வரை ஆறவில்லை. நோயாளரைத் தன் எசமான்கள் என்று சொன்னவர் அவர். அவர் தொடங்கிய சபையினர், உயிருக்கு ஆபத்து வந்தாலும் நோயாளரை விடமாட்டோம் என்று நாலாவதாக ஒரு வார்த்தைப்பாடும் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் புனித யோசப் வாஸ் இருக்கிறார். ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து வந்த குரு. 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது சனம் நோயாளரை விட்டுவிட்டு ஓடியது. அவரும் உறவினரான இன்னொரு குருவும் குடிசை குடிசையாகப் போய்க் கழுவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒரு சின்ன விஷயம். நம் வாட்டுகளில் பொறுப்பான தாதியை ‘சிஸ்டர்’ என்கிறோம். கன்னியர் நோயாளரைப் பார்த்த காலத்தின் மிச்சம் அந்தச் சொல். அதனால் எங்கள் குழுவில் வரும் அருட்சகோதரியை வாட்டில் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்படியென்றால் நமக்குத் தனியாக ஒரு கத்தோலிக்க ஆஸ்பத்திரி வேண்டாமா?

இருந்தால் யார் வேண்டாம் என்பது? ஆனால் இங்கே பெரும்பாலானோர் போவது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. அங்கே காசில்லாமல் வைத்தியம் கிடைக்கிறது. ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்றதும் நம் ஆட்கள் நினைக்கிற மானிப்பாய் ஆஸ்பத்திரிகூட அமெரிக்க மிஷன்காரர்கள் தொடங்கியது; கத்தோலிக்கருடையது இல்லை.

நல்ல சமாரியர் உவமையை எடுத்துப் பாருங்கள். அவர் புண்ணில் எண்ணெயும் மதுவும் வார்த்துக் கட்டினார், அப்புறம் சாவடிக்குக் கொண்டுபோய்ச் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, திரும்பி வரும்போது மிச்சத்தையும் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சாவடி அவருடையது இல்லை. திரும்பி வருவேன் என்ற சொல் மட்டும் அவருடையது. நாங்கள் ஞாயிறுதோறும் செய்வதும் இவ்வளவுதான்.

அம்மாவுக்கு அவஸ்தை கொடுக்க ஃபாதரைக் கூப்பிடலாமா? பார்த்தால் பயந்துவிடுவாவே?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நோயாளருக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்குக்கு இருந்த ‘அவஸ்தை பூசுதல்’ என்ற பழைய பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். அந்தக் காலத்தில் சாகக் கிடக்கும்போதுதான் ஃபாதரைக் கூப்பிட்டார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு அவர் ஒழுங்கைக்குள் வந்தால் அடுத்த வீட்டுக்காரர் அழத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதைத் திருத்தி, இது நோயில் பூசுதல், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல என்றது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கையும் புதுப்பித்தார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவது அப்போதிருந்து.

யாருக்கெல்லாம் கொடுக்கலாம்? கடும் வருத்தத்தில் இருப்பவருக்கு, பெரிய சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்கு, வேறு நோயில்லாவிட்டாலும் மூப்பினால் தளர்ந்தவருக்கு. ஒருமுறைதான் என்றும் இல்லை. சுகமாகி மறுபடி விழுந்தாலும், அதே வருத்தம் கூடினாலும் திரும்பக் கொடுக்கலாம். கொடுக்கக்கூடியவர் குரு மட்டும்தான். நானோ அருட்சகோதரியோ செபிக்கலாம், பூச முடியாது. எண்ணெய் பெரிய வாரத்தில் ஆயர் மந்திரித்தது. அவசரத்துக்குக் கையில் இல்லாவிட்டால் எந்தத் தாவர எண்ணெயையும் குரு அந்த இடத்திலேயே மந்திரித்துப் பூசலாம். செத்த பிறகு கொடுப்பதில்லை. உயிர் போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால் கொடுக்கலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கடைசித் திருவருட்சாதனம் இந்த எண்ணெய் இல்லை, பூசையில் அப்பமாகக் கொடுக்கும் நற்கருணை. சாகும் தறுவாயில் கொடுக்கும் நற்கருணைக்கு லத்தீனில் வழங்கும் சொல்லின் பொருள் பயணத்துக்கான கட்டுச்சோறு. ஆகவே ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சொல்லுங்கள். நினைவு தப்பிய பிறகு கூப்பிட்டால் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) இல்லை, கட்டுச்சோறும் இல்லை.

பயத்தைப் பற்றி: ஒரு வீட்டில் தாய்க்குத் தெரியாமல் ஃபாதரைக் கூட்டி வந்தார்கள். “சும்மா இந்தப் பக்கம் வந்தவர்” என்று மகன் சொன்னார். அந்த அம்மா ஃபாதரின் கையில் இருந்த சின்னச் சிமிழைப் பார்த்துவிட்டு, “எண்ணெய்ச் சிமிழோட சும்மா வந்தவராமோ?” என்று சிரித்தார். பயந்துபோயிருந்தது பிள்ளைகள்தான். முதலிலேயே அம்மாவிடம் கேளுங்கள். “ஃபாதரை வரச்சொல்லட்டே அம்மா?” என்று கேட்டால் போதும்.

நோவை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று படித்தோம். அப்படியென்றால் மோர்பின் எடுப்பது பிழையா?

பிழையில்லை. இதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்.

1957 பெப்ரவரியில் மயக்க மருந்து வைத்தியர்கள் இதையே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடம் கேட்டார்கள். நோவைக் குறைக்க மருந்து கொடுக்கலாம், வேறு வழியில்லாதபோது அந்த மருந்தால் ஆயுள் சற்றுக் குறைந்தாலும்கூடக் கொடுக்கலாம், நோக்கம் நோவைத் தணிப்பதாக இருக்க வேண்டுமே தவிர உயிரை எடுப்பதாக இருக்கக்கூடாது என்று அவர் பதில் சொன்னார். திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இதையே சொல்கிறது. தன் நோவை ஒப்புக்கொடுப்பது ஒருவர் தானே விரும்பிச் செய்வது. மகன் தாய்க்காக அதை முடிவுசெய்ய முடியாது.

நான் கண்ட ஒரு வீட்டில் மருந்துத் துண்டில் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தது. பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் மகன் “தாங்கேலாட்டிக் கேளுங்கோ” என்று குளிசையை அலுமாரிக்குள் வைத்திருந்தார். அந்தத் தாய் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று படுக்கை விரிப்பைக் கைக்குள் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். விரிப்பின் ஓரம் முழுக்கக் கசங்கி, நூல் பிரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மகன் குளிசையை நேரத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

நேரத்துக்கு நேரம், நோவு திரும்ப வருமுன் கொடுக்கும் இந்த முறைக்கு ஒரு கதை உண்டு. சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதலில் தாதி, பிறகு ஆஸ்பத்திரியில் சமூக சேவையாளர், அப்புறம் படித்து டொக்டர் ஆனவர். 1958இலிருந்து கிழக்கு லண்டனில், அயர்லாந்துக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித யோசப் இல்லத்தில் சாகும் தறுவாயில் இருந்தவர்களோடு வேலை செய்தார். கேட்கும்வரை காத்திராமல் மோர்பினை ஒழுங்காகக் கொடுத்தால் ஆள் தெளிவாகவும் இருக்கிறார், நோவும் அடங்குகிறது என்று அங்கே குறித்து வைத்தார். 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கினார். அவர் கத்தோலிக்கர் இல்லை, ஆங்கிலிக்கன். ‘முழு நோவு’ என்பது அவருடைய சொல்: உடம்பு நோவும், மனப் பயமும், குடும்பக் கவலையும், கடவுளோடு தீராத கணக்கும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும், ஒன்றை விட்டு மற்றதை அவிழ்க்க முடியாது என்றார். வாட்டில் மோர்பின் கொடுத்தும் அடங்காத நோவு, பேசாமல் இருந்த தம்பி வந்து கையைப் பிடித்ததும் அடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். மோர்பின் கொடுக்காமல் தம்பியை மட்டும் கூட்டி வந்திருந்தால் அடங்கியிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெஷினை நிற்பாட்டச் சம்மதித்தால் அது கொலையா?

இரவில் போனில் வருகிற கேள்வி இது. அழுகையோடு வரும்.

1957 நவம்பரிலேயே இதற்கும் அதே பாப்பரசர் பதில் சொல்லியிருக்கிறார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைச் செய்வது கடமை. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தாங்க முடியாத சுமையாகிற, அதற்கேற்ற பலனும் தராத வழிகளைச் செய்தே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை. அவற்றை நிறுத்தினால் நாங்கள் சாவை உண்டாக்கவில்லை. தடுக்க முடியாது என்று ஏற்றுக்கொள்கிறோம். உயிரைப் போக்குவதற்கென்று ஊசி போடுவது வேறு. அதைத் திருச்சபை எந்தப் பெயரிலும் ஏற்பதில்லை.

எது சுமை, எது பலன் என்று தீர்மானிப்பது முதலில் நோயாளி. அவரால் முடியாவிட்டால் அவர் என்ன விரும்பியிருப்பார் என்று தெரிந்த குடும்பம், டொக்டரோடு பேசி. “இந்த மெஷின் இவரைச் சுகமாக்குமா, இல்லை இழுத்துப்பிடிக்குதா?” என்று டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானோர் சொல்வார்கள். நாங்கள் கேட்பதில்லை, டொக்டர் கோபிப்பார் என்று.

மூக்கால் குழாய் போட்டுக் கொடுக்கும் சாப்பாடும் தண்ணீரும் கொஞ்சம் வேறு. அது வைத்தியத்தைவிடப் பராமரிப்போடு சேர்ந்தது என்பதால் பொதுவாகக் கொடுக்க வேண்டும் என்று 2007இல் வத்திக்கான் விளக்கியது. ஆனால் கடைசி நாட்களில் உடம்பு அதை ஏற்காமல், நீர் கோர்த்து, மூச்சு முட்டும்போது கட்டாயம் இல்லை. வாயை ஈரத் துணியால் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, பக்கத்தில் இருப்பது, இவற்றை நிறுத்த யாருக்கும் அனுமதி இல்லை.

குணமளிக்கும் செபக் கூட்டத்துக்குப் போனேன். இனிப் பிரஷர் குளிசையை விடலாமா?

கூடாது. விடச் சொன்னவர் யாராயிருந்தாலும், மேடையில் எவ்வளவு உரத்துச் செபித்தாலும், அது திருச்சபையின் போதனை இல்லை.

நாங்கள் எல்லோரும் பாலையூற்று லூர்து அன்னையிடம் போகிறவர்கள்தான். ஆனால் பிரான்சில் இருக்கும் அந்த மூல லூர்துவில் என்ன நடக்கிறது தெரியுமா? 1883இலிருந்து அங்கே ஒரு வைத்திய அலுவலகம் இருக்கிறது. சுகமானேன் என்று வருகிறவரின் வைத்திய அறிக்கைகளை டொக்டர்மார் ஆராய்கிறார்கள், எந்த மதத்து டொக்டரும் சேர்ந்து பார்க்கலாம். சுகம் திடீரென்று வந்ததா, நிலைத்ததா, மருந்தால் வந்திருக்குமா என்று வருடக்கணக்கில் கிண்டுகிறார்கள். 1858இலிருந்து கோடிக்கணக்கானோர் போன இடத்தில் திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபது சொச்சம்தான். அற்புதத்தை நம்புகிற திருச்சபையே இவ்வளவு நிதானமாக இருக்கும்போது, நாம் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தோடு கிளினிக் கொப்பியை மூடிவைப்பது சரியா? சுகமானது உண்மையென்றால் அடுத்த கிளினிக்கில் டொக்டரே குளிசையைக் குறைப்பார்.

மாதாவின் திருநாளான பெப்ரவரி 11ஐத்தான் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் உலக நோயாளர் தினமாக்கினார். முதலாவது 1993இல் நடந்தது.

மகள் தனியே பேசுகிறாள், நித்திரை இல்லை. பேய் பிடித்திருக்குமோ? பேயோட்டும் ஃபாதர் யாரையும் தெரியுமா?

முதலில் மனநல டொக்டரிடம் கூட்டிப்போங்கள். பேயோட்டும் சடங்கைச் செய்ய ஆயரின் விசேஷ அனுமதி வேண்டும், அதற்கு முன் இது நோயில்லை என்று உறுதிப்படுத்த வேண்டும் என்பது திருச்சபைச் சட்டமும் மறைக்கல்வியும் சொல்வது. நீங்கள் எந்தக் குருவிடம் போனாலும் பொறுப்பானவர் உங்களை டொக்டரிடம்தான் திருப்பி அனுப்புவார்.

போரும் 2004 டிசம்பர் கடலும் பார்த்த மாவட்டம் இது. மனம் உடைவதற்கு இங்கே பேய் தேவையில்லை. கை உடைந்தால் பத்துப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறோம், மனக் குளிசையை மட்டும் அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறோம். அவசரம் என்றால் 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவை இருக்கிறது.

இதோடு சேர்த்து மெதுவாகக் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் பதில்: தன் உயிரைத் தானே எடுத்தவருக்குக் கோயிலில் அடக்கப் பூசை உண்டு. முன்பு மறுத்தார்கள். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை.

சீனி வருத்தம் உள்ளவர் தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு இருக்கலாமா?

வேண்டாம். ஒருசந்திச் சட்டம் 18 வயதிலிருந்து 59 வயதாகும்வரை, அதுவும் சுகமாக இருப்பவருக்கு. பெரிய வெள்ளியன்று இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் சிலுவைப்பாதையில் நின்று மயங்கி விழுந்தவரைத் தூக்கியிருக்கிறோம். நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியாலம் சாப்பிடக்கூடாது என்பதும் வயோதிபருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பார்க்கிறவருக்கும் கட்டாயம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் முஸ்லிம், எதிர்க் கட்டிலில் இந்து. அவர்களிடமும் போவீர்களா? மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று நினைக்க மாட்டார்களா?

நினைக்கலாம், நினைத்தும் இருக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கேட்காமல் செபிப்பதில்லை, படமோ புத்தகமோ கொடுப்பதில்லை. படுக்கையில் கிடப்பவர் எழும்பிப் போக முடியாதவர். அவரிடம் மதம் பேசுவது கதவைப் பூட்டிவிட்டுப் பிரசங்கம் வைப்பது மாதிரி.

சுகம் விசாரிப்பது, சுடுதண்ணி எடுத்துக் கொடுப்பது, போன் சார்ஜரைச் செருகிவிடுவது, இதற்கெல்லாம் மதம் இல்லை. கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்குத் தொழும் திசை தெரியவில்லை. கட்டிலை எந்தப் பக்கம் திருப்புவது என்று எங்கள் அக்காதான் தாதி மிஸ்ஸிடம் பேசி ஒழுங்குபண்ணினார். அடுத்த ஞாயிறு அவர், 2009இல் பாலம் திறக்குமுன் நோயாளரை வைத்துக்கொண்டு ‘பாதை’க்குக் காத்து நின்ற கதைகளைச் சொன்னார். பாதை என்றால் வெளியூர்க்காரருக்கு விளங்காது: வாகனமும் சனமும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

கண் தானம், சிறுநீரக தானம் செய்யலாமா? உயிர்த்தெழும்போது உடம்பு முழுதாக வேண்டுமே?

செய்யலாம், திருச்சபை அதைப் பாராட்டுகிறது. பணத்துக்கு விற்பதும், ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதும்தான் பிழை. உயிர்த்தெழுதலுக்குக் கண் வேண்டுமென்றால் கடலில் போன நம் ஆட்களின் கதி என்ன? கண் தானச் சங்கம் நம் நாட்டில் 1961இலிருந்து இயங்குகிறது, இங்கிருந்து வெளிநாடுகளுக்கும் கண் போகிறது.

பார்த்துக்கொள்கிற எனக்கே வருத்தம் வந்துவிடும் போலிருக்கிறது. இப்படி நினைப்பது பாவமா?

பாவமில்லை, களைப்பு. ஐந்து வருடமாகப் பாரிசவாதத்தில் கிடக்கும் கணவரைப் பார்க்கும் ஒரு பெண், “சில நேரம் இவர் போனா நல்லம் எண்டு வருது ஃபாதர்” என்று சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ததாக அவரே பிறகு எங்களிடம் சொன்னார். ஃபாதர் கொடுத்த அபராதம்: வாரத்தில் ஒரு பின்னேரம் நித்திரைகொள்ள வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளைத் தானே அனுப்புவதாகச் சொன்னாராம். அந்த ஆள் நான்தான். புதன்கிழமைகளில் போகிறேன். அவர் கணவருக்குக் கணக்கு வாத்தியார் என்றால் ஆகாது, வானொலிதான் பிடிக்கும்.

நோயாளி என்றால் கட்டிலில் கிடப்பவர் மட்டும் என்று நினைத்துப் போகிற குழுக்கள் பாதிப்பேரைப் பார்க்காமலே திரும்புகின்றன. வாட்டுக்கு வெளியே வாங்கில் இரவு முழுக்க இருக்கும் மகளிடம், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். மகரகமவுக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்கு இரவு பஸ்ஸில் கூடப் போகிறவருக்குப் பயணக் காசை விட, வீட்டில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் சமைத்துக் கொடுக்கிறவர் பெரிய உதவி.

நோயாளியிடம் என்ன பேசுவது? எனக்கு வார்த்தை வராது.

வராதது நல்லது. வார்த்தை வருகிறவர்கள்தான் ஆபத்து. “எங்கட மாமாவுக்கும் இதே வருத்தம், ஆறு மாதத்தில...” என்று தொடங்குவார்கள். “எல்லாம் கடவுளின் சித்தம்” என்பதையும் விடுங்கள். அதைச் சொல்லும் உரிமை கட்டிலில் கிடப்பவருக்குத்தான் உண்டு. யோபுவின் நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

கதிரையை இழுத்துப்போட்டு இருங்கள். நின்றுகொண்டு பேசினால் போகப்போகிறீர்கள் என்று தெரிந்துவிடும். பத்து நிமிடம் போதும். ஊர்க் கதை சொல்லுங்கள்: கச்சான் காற்று தொடங்கிவிட்டதா, மீன் என்ன விலை, டவுனுக்குள் திரியும் மான்கள் யாருடைய வேலிக்குள் புகுந்தன. வருத்தத்தைப் பற்றியே நாள் முழுக்கக் கேட்ட காதுக்கு மான் கதை இதமாயிருக்கும்.

சரி, ஃபாதரைக் கூப்பிட வேண்டும். என்னென்ன சொல்ல வேண்டும்?

நோயாளியின் முழுப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், வாட்டு இலக்கம், கட்டில் இலக்கம். விழுங்க முடியுமா, காது கேட்குமா, தமிழா சிங்களமா. சத்திரசிகிச்சை என்றால் எந்த நாள், எத்தனை மணி. முதல் நாள் பின்னேரமே ஃபாதர் வந்துவிடுவது நல்லது, காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோகிற அவசரத்தில் எண்ணெய் பூச இடமிருக்காது. வாட்டுப் பொறுப்பான சிஸ்டரிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள், பார்வையாளர் நேரம் தவிர வேறு நேரத்திலும் விடுவார்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு மறைப்பையும் இழுத்துவிடுவார்கள். நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள். ஆள் கடுமையாக இருந்து இன்னும் வீட்டில்தான் என்றால் முதலில் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் ஃபாதருக்கு அடியுங்கள்.

கண்ணாடி, காது மெஷின், கட்டுப்பல் மூன்றையும் ஒரு பையில் போட்டு, பெயர் எழுதிக் கையோடு கொண்டுவாருங்கள்.